கொம்பின் அளவும் வேட்டையின் அனுபவமும்: ஆப்பிரிக்க எருமை வேட்டை எழுத்துகளில் ‘டிராஃபி’ என்னும் சொல்

1. முன்னுரை

வேட்டை பற்றிய ஆங்கில நூல்களைத் தமிழாக்க முற்படுவோர் தொடக்கப் பக்கங்களிலேயே எதிர்கொள்ளும் சொற்களுள் ஒன்று ‘டிராஃபி’. விளையாட்டுத் துறையில் இச்சொல் தமிழில் ‘கோப்பை’ என நிலைபெற்றுவிட்டது. ‘ரஞ்சிக் கோப்பை’ என்னும் வழக்கு இதற்குச் சான்று. வேட்டைத் துறையிலோ அது கொல்லப்பட்ட விலங்கின் தலை, கொம்பு, தோல் முதலியவற்றைக் குறிக்கும். பொருள் இவ்வளவோடு அமைந்துவிடுமாயின் ‘வேட்டைச் சின்னம்’ என்ற தொடரே போதுமானது. ஆனால் கடந்த ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேலாக இச்சொல் இரு பொருள்களுக்கிடையே இழுபட்டு வந்துள்ளது. ஒன்று, வேட்டைக்குப் புறப்படும் முன்னரே அங்குலக் கணக்கில் வரையறுத்துக்கொள்ளப்படும் எதிர்பார்ப்பு. மற்றொன்று, காட்டில் நடந்தும் தேடியும் அஞ்சியும் பன்முறை தவறவிட்டும் பெறப்படும் அனுபவத்தின் அடையாளம். இப்பிளவு ஆப்பிரிக்க எருமை வேட்டையின் வரலாற்றில் பிற விலங்குகளின் வேட்டையைக் காட்டிலும் தெளிவாகப் புலப்படுகிறது. அவ்வரலாற்றின் போக்கைச் சுட்டி, மொழிபெயர்ப்புக்கு அது எழுப்பும் வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லின் பிறப்பும் விலங்கின் பெயரும்

‘டிராஃபி’ என்னும் ஆங்கிலச் சொல் பிரெஞ்சு, இலத்தீன் வழியாகக் கிரேக்கத்தின் ‘திரோபயோன்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. ‘திரோபே’ என்றால் திரும்புதல். போரில் பகைவர் புறங்காட்டித் திரும்பிய இடத்திலேயே ஒரு மரத்திலோ கம்பத்திலோ அவர்தம் படைக்கலங்களையும் கவசங்களையும் தொங்கவிட்டு எழுப்பிய அடையாளமே திரோபயோன். எனவே முதற்பொருளில் இச்சொல் பொருளை மட்டுமன்றி இடத்தையும் நிகழ்ச்சியையும் சுட்டியது. தமிழகத்தின் புலிக்குத்திக் கல், பன்றிக்குத்திக் கல் போன்ற நடுகற்களும் நிகழ்ச்சியின் நினைவைத் தாங்கி நிற்பவையே. ஆயினும் நடுகல் வீழ்ந்தவனுக்கு உரியது. திரோபயோன் வென்றவனுக்கு உரியது. பிற்காலத்தில் ஐரோப்பிய மாளிகைகளின் சுவரை அடைந்தபோது டிராஃபி தன் இடத்தை இழந்தது. இடத்தை இழந்த சின்னத்திற்கு மதிப்பிட வேறோர் அளவுகோல் வேண்டியதாயிற்று.

விலங்கின் பெயரும் இத்தகைய இடப்பெயர்ச்சிக்கு உட்பட்டதே. கிரேக்கத்தில் ‘பூபலோஸ்’ என்பது ஆப்பிரிக்க மான்வகை ஒன்றின் பெயர். அது இலத்தீனில் ‘பூபலுஸ்’ ஆகிப் பின்னர் எருமைக்கு உரியதாயிற்று. பொதுமக்கள் காட்டு மாட்டை இப்பெயரால் தவறாக அழைப்பதைப் பிளினியே குறித்துள்ளார். ஆப்பிரிக்க எருமையை 1779இல் சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் ஸ்பார்மன் அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். நேபாளத்தில் பணியாற்றிய ஹாட்சன் 1847இல் அதற்குச் ‘சின்செரஸ்’ என்னும் தனிப் பேரினத்தை வகுத்தார். இவ்விலங்கு இந்திய எருமையின் பேரினத்தைச் சார்ந்ததன்று; மனிதரால் ஒருபோதும் பழக்கப்பட்டதுமன்று. ‘எருமை’ என்றவுடன் தமிழ் வாசகர் மனத்தில் எழும் குளத்து நீரில் அமிழ்ந்த பொறுமையான உருவம் இங்கே பொருந்தாது. ‘காட்டெருமை’ என்பதும் தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுமாட்டைச் சுட்டப் பரவலாக வழங்குவதால் குழப்பம் தரும். ஆகவே ‘ஆப்பிரிக்க எருமை’ என்னும் தொடரே தெளிவானது. சுவாகிலியில் இது ‘நியாதி’ என்றும் ‘எம்போகோ’ என்றும், சூலு மொழியில் ‘இன்யாதி’ என்றும் பெயர் பெறும். ஆணைக் குறிக்கத் தொல்காப்பிய மரபியல் தரும் ‘கண்டி’ வழக்கிழந்தமையின், இன்றும் வாழும் ‘கடா’ என்னும் சொல் ஈண்டு ஆளப்படுகிறது.

3. அளவுகோலின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொம்பின் அங்குலக் கணக்கு வேட்டை எழுத்தின் மையமாக இல்லை. பம்பாய் இராணுவத்தின் பொறியியல் பிரிவைச் சேர்ந்த வில்லியம் கார்ன்வாலிஸ் ஹாரிஸ் 1836-37இல் தென்னாப்பிரிக்காவில் மேற்கொண்ட பயணத்தின் வரலாறு 1838இல் பம்பாயிலேயே அச்சேறியது. அவர் காலத்தில் வேட்டையின் பெருமை விலங்குகளின் மிகுதியாலும், அதுவரை அறியப்படாத இனங்களைக் கண்டதாலும், அவற்றை ஓவியமாகத் தீட்டியதாலும் மதிப்பிடப்பட்டது. 1871இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற செலூஸ், 1881இல் வெளியிட்ட நூலும் அலைந்து திரிந்த வாழ்வின் பதிவாகவே அமைந்தது.

மாற்றம் 1892இல் நேர்ந்தது. இலண்டனில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலை நடத்திவந்த ரோலண்ட் வார்ட், உலகப் பெருவிலங்குகளின் கொம்பளவுகளையும் எடைகளையும் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். எந்தத் தலை எவ்வளவு அகலம், எவருடையது, எங்கே கிடைத்தது என்பன நிரல்படத் தரப்பட்டன. காட்டில் கால் வைக்காதவரும் ஒரு கடாவின் தகுதியை இனிப் படித்தறியலாம். சுவரில் இடமிழந்து நின்ற சின்னத்திற்கு எண் என்னும் புதிய முகவரி கிடைத்தது எனலாம்.

இந்நூல் வெளிவந்த காலம் கருதத்தக்கது. தமிழகத்தார் வெக்கை நோய் என வழங்கும் கால்நடைக் கொள்ளைநோய் 1880களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் வடகிழக்குக் கரையில் புகுந்து தெற்கு நோக்கிப் பரவி, 1896இல் சாம்பெசி ஆற்றைக் கடந்தது. கால்நடைகளோடு எருமை மந்தைகளும் பல பகுதிகளில் ஏறத்தாழ முற்றிலும் அழிந்தன. கால்நடையை நம்பிய மக்கள் பஞ்சத்தில் வீழ்ந்தனர். கொம்புகளின் பட்டியல் இலண்டனில் அச்சேறிய அதே ஆண்டுகளில் அக்கொம்புகளைத் தாங்கிய விலங்குகள் ஆப்பிரிக்காவில் மடிந்துகொண்டிருந்தன. பழைய நூல்களைப் படித்துவிட்டுச் சென்றவரின் எதிர்பார்ப்புக்கும் அங்கே கண்ட நிலத்துக்கும் இடையிலான முதற்பெரும் இடைவெளி இதுவே. இந்நோய் உலகினின்று முற்றாக ஒழிக்கப்பட்டதாக 2011இல்தான் அறிவிக்கப்பட்டது.

4. எதிர்பார்ப்பும் நேர்வும்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவியினின்று விலகிய தியோடர் ரூஸ்வெல்ட், 1909இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சார்பில் கிழக்காப்பிரிக்கா சென்றார். அவரும் அவர் மகன் கெர்மிட்டும் அப்பயணத்தில் சுட்ட விலங்குகள் 512. அவரது 1910ஆம் ஆண்டு நூலில், நைரோபியை அடுத்த காமிட்டி ஆற்றின் கோரைச் சதுப்பில் நிகழ்ந்த எருமை வேட்டைக்கு ஓர் இயலே ஒதுக்கப்பட்டுள்ளது. அருங்காட்சியகத்திற்கென விலங்குகளைத் திரட்டியமையால், அவர் எழுத்தில் ‘டிராஃபி’யோடு ‘மாதிரி’ என்னும் பொருள்தரும் சொல்லும் சேர்ந்து இயங்குகிறது. மாதிரிக்குக் கடா மட்டும் போதாது; பசுவும் கன்றும் வேண்டும். ஆயினும் அவ்வியலில் வாசகர் மனத்தில் தங்குவது சேகரிப்பின் கணக்கன்று. மறைவிடத்திலிருந்து வெளிப்பட்ட மந்தை வேட்டையாடுவோரை நோக்கி நின்ற அந்தச் சில கணங்களே. எண்ணுக்காகச் சென்றவர் எண்ணில் அடங்காத ஒன்றை எழுத நேர்ந்தது.

எர்னெஸ்ட் ஹெமிங்வே 1933-34இல் மேற்கொண்ட பயணத்தின் அடிப்படையில் 1935இல் ‘ஆப்பிரிக்காவின் பசுங்குன்றுகள்’ என்று பெயர்க்கத்தக்க நூலை வெளியிட்டார். அந்நூலின் மைய விலங்கு எருமையன்று, குடு மான். எனினும் எதிர்பார்ப்பின் இயல்பை அது போல் வெளிப்படையாகக் கூறும் வேட்டை நூல்கள் சில. பலநாள் தேடி நல்ல கொம்புகளைப் பெற்று மகிழ்ச்சியோடு முகாம் திரும்புபவர், தம் கூட்டாளி அதனினும் மிகப் பெரிய கொம்பைக் கொணர்ந்திருப்பதைக் கண்டு பொறாமையால் வாடுகிறார். கொம்பு மாறவில்லை; அருகில் வேறொன்று வைக்கப்பட்டதால் அதன் மதிப்பே மாறிவிட்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த மக்கோம்பர் பற்றிய அவரது சிறுகதையில் எருமை வேட்டையே உச்சமாகிறது. அங்கே கொம்பின் அளவு பொருட்டன்று. காயமுற்ற கடா புகுந்த புதரை நோக்கி மீண்டும் நடக்கும் துணிவே பொருளாகிறது.

வேட்டை எழுத்துகள் திரும்பத் திரும்பக் காட்டும் நடைமுறை பின்வருமாறு அமைகிறது. விடியலில் நீர்நிலை அருகே புதிய சுவடு தேடப்படும். உள்நாட்டுத் தடம் பார்ப்போர் முன்னே செல்வர். சாணத்தின் ஈரத்தையும் வெம்மையையும் கொண்டு மந்தை கடந்த நேரத்தைக் கணிப்பர். சாம்பலைத் தூவிக் காற்றின் திசை அறிவர். பலமணி நேர நடைக்குப் பின் காற்று ஒருமுறை மாறினால் மந்தை ஓடிவிடும். நெருங்க முடிந்தாலும் முழுவிலங்கும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இலைகளுக்கிடையே ஒரு காது, ஒரு கொம்பின் வளைவு, ஈரமான மூக்கு ஆகியவையே தெரியும். காதுகளின் விரிவை அளவுகோலாகக் கொண்டு, கொம்பு அவற்றுக்கப்பால் எவ்வளவு நீள்கிறது என்று நொடிப்பொழுதில் மதிப்பிடவேண்டும். இலண்டன் பட்டியலின் துல்லியமான அங்குலங்கள் அந்தப் புதரில் ஊகமாகிவிடுகின்றன. வெற்றி சுட்டவர் பெயரால் எழுதப்பட்டாலும், அதனை இயலச் செய்தது தடம் பார்ப்போரின் அறிவே.

5. அகலமும் அகவையும்

ஆப்பிரிக்க எருமைக் கடாவின் இரு கொம்புகளும் நெற்றியின் மேல் அடிப்பகுதியில் பருத்து ஒன்றையொன்று நெருங்கிக் கவசம்போல் அமையும். இதனைக் ‘கொம்படிப் புடைப்பு’ எனலாம். இளங்கடாவில் இப்புடைப்பு முற்றாமல் மென்மையாகவும் இடையே மயிர் கொண்டும் காணப்படும். ஏறத்தாழ ஏழு, எட்டு வயதில்தான் அது முழுமையாக இறுகும். இனப்பெருக்கத்தில் முதன்மைப் பங்கு பெறும் வயதும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்குகிறது. அதன்பின் ஆண்டுகள் செல்லச் செல்லக் கொம்பின் நுனிகள் தேய்ந்து மழுங்குகின்றன. ஆகவே மிக அகன்ற கொம்பு மிக முதிர்ந்த கடாவுக்கு உரியதன்று. இளமை கழியாத கடாவிலும் அது அமையக்கூடும்.

இங்குதான் எதிர்பார்ப்பு தவறான இடத்தில் கை வைக்கிறது. வேட்டைக்காரரிடையே 40 அங்குல அகலம் என்பது ஒரு கனவெல்லையாக வழங்கி வந்தது. தென்பகுதி எருமைக்கு ரோலண்ட் வார்ட் பதிவில் 42 அங்குலம் என்னும் எல்லை வைக்கப்பட்டது. அகலத்தை மட்டும் நாடிச் செல்பவர், இன்னும் கன்றுகளை ஈனச் செய்யவேண்டிய கடாவை மந்தையினின்று அகற்றும் வாய்ப்பு மிகுதி. மந்தையை விட்டுப் பிரிந்து தனித்தோ இரண்டு மூன்றாகவோ திரியும் கிழக்கடாக்கள், நுனி தேய்ந்த கொம்புகளால் பட்டியலில் இடம் பெறா. பிற்காலத்துப் பதிவு முறைகளுள் சில புடைப்பின் அகலத்தையும் கூட்டிக் கணக்கிட்டன. தொழில்முறை வழிகாட்டிகள் பலர், முற்றாத புடைப்புடைய அகன்ற கொம்பினும் முற்றிய புடைப்புடைய தேய்ந்த கொம்பே உயர்ந்தது என வலியுறுத்தலாயினர். டிராஃபி என்னும் சொல் இவ்வாறு அகலத்தினின்று அகவையை நோக்கி நகர்ந்தது. எழுதப்பட்ட அளவைக் காட்டு அனுபவம் திருத்தியது என்பது இதன் கருத்து. இத்திருத்தம் வெறும் சுவை வேறுபாடன்று; எந்தக் கடா வாழும், எது சாகும் என்பதை முடிவு செய்வது.

6. மொழிபெயர்ப்பில் எழும் இடர்கள்

முதலாவதாக, மேற்கூறிய கிழக்கடாக்களுக்குத் தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘டகா பாய்’ என்று பெயர். இதன் முன்னுறுப்பு சேறு எனப் பொருள்படும் ‘உடாகா’ என்னும் சூலுச் சொல்லினின்று வந்தது. சேற்றில் புரண்டு உடலெங்கும் சேறு காய்ந்து நிற்பதால் ஏற்பட்ட பெயர். அதே ஆங்கிலத்தில் கஞ்சாவைக் குறிக்கும் ‘டக்கா’ என்னும் வேறொரு சொல் கோய்கோய் மொழியினின்று வந்து வழங்குகிறது. இரண்டும் எழுத்துக்கூட்டலில் மயங்குவதால் சொற்பிறப்பறியாத மொழிபெயர்ப்பில் சேற்றுக்கடா கஞ்சாக்கடாவாகிவிடும். ‘சேற்றுக்கடா’ என்பதே பொருத்தமான ஆக்கம்.

இரண்டாவதாக, ‘பிக் ஃபைவ்’ என்னும் தொடர் யானை, காண்டாமிருகம், சிங்கம், சிறுத்தை, எருமை ஆகியவற்றைக் குறிக்கும். இது உருவப் பெருமையால் அமைந்ததன்று. நடந்து சென்று வேட்டையாடுவதன் அருமையாலும் ஆபத்தாலும் அமைந்தது. ஒட்டகச்சிவிங்கியும் நீர்யானையும் இதில் இல்லை, சிறுத்தை இருக்கிறது. ‘ஐந்து மிகப் பெரிய விலங்குகள்’ என்பது பிழையாகும்.

மூன்றாவதாக, ‘டிராஃபி’க் கட்டணம். சுடப்பட்ட விலங்கிற்காக அரசுக்கோ நிலத்துக்கு உரியவர்க்கோ செலுத்தும் தொகை இது. விலங்கு காயமுற்றுத் தப்பினும் இத்தொகை பொதுவாகக் கொடுபடவேண்டும். ஆகவே கையில் சின்னமே இல்லாதவரும் ‘சின்னக் கட்டணம்’ செலுத்துகிறார். இங்கே ‘கோப்பை’ நகைப்புக்கிடமாகும், ‘சின்னம்’ முரண்படும், ‘விலங்குக் கட்டணம்’ என்பதே பொருளை உணர்த்தும்.

நான்காவதாக, சட்டப் பொருள். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, ‘டிராஃபி’யை விலங்கின் முழு உடலோ பகுதியோ பதப்படுத்தி வைக்கப்பட்ட பொருள் என்னும் அளவில் வரையறுக்கிறது. வெற்றி, பெருமை ஆகிய சாயல்கள் அவ்வரையறையில் இல்லை. சட்ட மொழிபெயர்ப்பில் ‘வாகை’, ‘வெற்றிச் சின்னம்’ போன்ற சொற்களை ஆள்வது, சட்டம் நீக்கிய பெருமையை மொழிபெயர்ப்பாளர் மீண்டும் ஏற்றுவதாகும்.

‘சஃபாரி’யும் இவ்வகையிற் கருதத்தக்கது. அரபியின் ‘சஃபர்’ என்பதினின்று சுவாகிலி பெற்ற இச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். ஆங்கிலம் அதனை வேட்டைப் பயணமாக்கியது. கென்யா 1977இல் வேட்டையைத் தடைசெய்த பின்னர், அங்கே அது காட்சிப் பயணமாகவே நிலைத்தது. இந்தியாவிலோ ஒருவகை உடைக்கும் பெயராயிற்று. ஆண்டறியாமல் இச்சொல்லைப் பெயர்த்தல் இயலாது.

7. முடிவுரை

பகைவர் திரும்பிய இடத்தைச் சுட்டிய சொல், இடமிழந்து சுவரேறி, 1892இல் எண்ணாயிற்று. பின்னர்க் கட்டணமாகவும் சட்டப் பொருளாகவும் விரிந்தது. ஆப்பிரிக்க எருமை வேட்டையின் எழுத்துகளில், புறப்படும்போது எண்ணாக இருக்கும் சொல், திரும்பும்போது பெரும்பாலும் வேறொன்றாக மாறியிருக்கிறது. சில நூல்களில் அச்சமாக, சிலவற்றில் பொறாமையாக, சிலவற்றில் தேய்ந்த கொம்பின் முதுமையை மதிக்கும் அறிவாக. நூல் முழுவதற்கும் ஒரே தமிழ்ச்சொல்லை விதித்துக்கொள்ளும் மொழிபெயர்ப்பு இம்மாற்றத்தை மறைத்துவிடும். தொடக்க இயலில் ‘கொம்பளவு’ என்றும், இடையில் ‘வேட்டைச் சின்னம்’ என்றும், சட்டச் சூழலில் ‘பதப்படுத்திய விலங்குடற் பகுதி’ என்றும் இடமறிந்து ஆள்வதே தக்கது. கலைச்சொல்லுக்கு ஒருமை வேண்டும் என்பது பொதுவிதி. மூலநூலில் சொல்லின் பொருளே மாறிச் செல்லுமிடத்து அவ்விதி தளர்வது மூலத்திற்குச் செய்யும் நேர்மையாகும்.