கேட்கும் கருவியும் கேள்விச் செல்வமும்



புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூருக்குக் கிழக்கே, குன்றாண்டார்கோவில் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே குன்றைக் குடைந்து சிவபெருமானுக்குக் கோயில் அமைத்திருக்கிறார்கள். இரண்டாம் நந்திவர்ம பல்லவனின் காலமாகிய எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. அதன் முன்னே, விஜயநகர காலத்தில் எழுப்பப்பட்ட மண்டபம், சக்கரங்களோடும் குதிரைகளோடும் கல்லால் ஆகிய தேர் போலவே காட்சி தருகிறது. அவ்வூரே என் ஊர். அங்கிருந்து அண்மையில் சென்னைக்குச் சென்ற நான், என் பேரனுடன் ஒரு கடையில் ஒரு மணி நேரம் இருக்க நேர்ந்தது. அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பல நூற்றாண்டு வரலாற்றை நினைவூட்டியது. அதனையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அது ஹெட்போன்களும் உயர்தர ஒலிக்கருவிகளும் மட்டுமே விற்கும் கடை. உள்ளே நுழைந்ததும் என்னை வியப்பில் ஆழ்த்தியது அங்கு நிலவிய அமைதி. இசையை விற்கும் கடையில் இசையே கேட்கவில்லை! ஏழெட்டு இளைஞர்கள் ஆளுக்கொரு நாற்காலியில் அமர்ந்து, காதுகளை மூடிய கருவிகளோடு கண்களையும் மூடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலை அசைந்தது. மற்றொருவர் விரல் தாளமிட்டது. ஒருவர் கேட்டது அடுத்தவருக்குத் தெரியாது.

கடையிலிருந்த இளைஞர் என்னை அமரச் செய்து, கருவிகளின் வகைகளைப் பொறுமையாக விளக்கினார். ஒரு வகையில், காந்தத்தின் நடுவே உள்ள சிறு கம்பிச்சுருள் மின்னோட்டத்தால் முன்னும் பின்னும் அசைந்து, தன்னோடு ஒட்டிய மெல்லிய தகட்டையும் அசைக்கிறது. மற்றொரு வகையில், மயிரிழையினும் மெல்லிய படலம் ஒன்று, துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு இடையே, உயர்ந்த மின்னழுத்தத்தின் விசையால் அசைகிறது. அசைவது எதுவாயினும் அது காற்றை அசைக்கிறது. காற்று செவிப்பறையை அசைக்கிறது. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள கருவிகளும் அங்கே இருந்தன. "வாங்காவிட்டாலும் கேட்டுப் பாருங்கள், ஐயா" என்றார் அவர். அச்சொல் எனக்குப் பிடித்திருந்தது.

இக்கருவிகளின் பரம்பரை சற்றே நீண்டது. 1881-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடைபெற்ற மின்பொருட்காட்சியில், கிளேமான் ஆதேர் என்பவர் நாடக மேடையிலிருந்து தொலைபேசிக் கம்பிகள் வழியாக இசையைக் கொணர்ந்தார். காட்சிக்கு வந்தோர் இரண்டு கேட்புக் குழல்களை இரு காதுகளிலும் வைத்துக் கேட்டனர். மேடையின் இரு பக்கத்து ஒலியும் இரு காதுகளிலும் தனித்தனியே விழுந்ததால், பாடுவோர் எங்கே நிற்கின்றனர் என்பதும் புலனாயிற்றாம். 1910-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நாத்தானியேல் பால்ட்வின் என்பவர், தலையில் மாட்டிக்கொள்ளும் இரட்டைக் கேட்புக்கருவியைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு அளித்தார். இசைக்காக அன்று, கப்பல்களில் கம்பியில்லாத் தந்திச் செய்திகளைக் கேட்பதற்காக. இசைக்கென்றே இரட்டை ஒலிவழி கொண்ட ஹெட்போனை ஜான் காஸ் என்பவர் 1958-இல் அறிமுகப்படுத்தினார். 1979-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மன் என்னும் சிறு கருவியை வெளியிட்டபின், நடந்துகொண்டே தனியாகக் கேட்கும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று.

நம் தமிழகத்திலும் வானொலியின் தொடக்கம் ஹெட்போனுடன் இணைந்ததே. 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31 முதல் அது ஒலிபரப்பத் தொடங்கியது. அக்காலத்தில் எளியோர் வாங்கத்தக்க வானொலிப் பெட்டி, படிகத்தால் இயங்கும் பெட்டி. அதற்கு மின்கலம் வேண்டியதில்லை. வானலை கொணரும் சிறு விசையே அதற்குப் போதும். ஆனால் அவ்விசை ஒலிபெருக்கியை இயக்கப் போதாது. காதில் பொருத்திய கருவியை மட்டுமே இயக்கும். ஆகவே கேட்பவர் ஒருவர். ஏனையோர் அவர் முகத்தைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். மேல்நாடுகளில் அக்கருவியை ஒரு கிண்ணத்தினுள் வைத்து, கிண்ணம் எழுப்பும் எதிரொலியைக் குடும்பத்தார் அனைவரும் சூழ்ந்திருந்து கேட்டதும் உண்டு. தனக்குக் கிடைத்த இன்பத்தைப் பகிர்ந்துகொள்ள மனிதன் எத்துணை ஆவல் கொண்டிருந்தான் என்பதற்கு அக்கிண்ணமே சான்று.

வானொலிக் கழகம் பொருள் முட்டுப்பாட்டினால் 1927-இல் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி, 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. மாநகராட்சி செய்த அரிய செயல் ஒன்று உண்டு. மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை அமைத்தது. பெட்டி வாங்க இயலாத தொழிலாளியும் மாலையில் மணலில் அமர்ந்து சங்கீதம் கேட்டான். பின்னர் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-ஆம் ஆண்டு மே 16-இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் தொடங்கப்பெற்றன. ஒருவர் காதில் ஒலித்த இசை இவ்வாறு ஊரார் அனைவரின் செவிக்கும் உரியதாயிற்று.

திருச்சி நிலையத்தின் ஒலியிலேதான் நான் வளர்ந்தேன். எங்கள் ஊரில் ஊராட்சி வானொலிக்குக் கூம்பு வடிவான ஒலிபெருக்கி ஒன்று உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. மாலையில் வேளாண்மைச் செய்தியும் அதன்பின் இசையும் வரும். எங்களோடு ஒரு பெரியவர் வந்து அமர்வார். இளமையில் தவில் பயின்று, பிறகு உழவுக்கு வந்தவர் அவர். ஒரு நாள் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்க ஒலிப்பதிவு ஒன்று ஒலித்தது. பெரியவர் எங்களைக் கைகாட்டி அமர்த்தி, "தம்பிகளா, இந்தக் கூம்பு வலந்தலையை மட்டுந்தான் நமக்குக் கொடுக்கிறது, தொப்பியின் நாதத்தை விழுங்கிவிடுகிறது. அவருடைய கும்கி எப்படி இருக்கும் தெரியுமா?" என்று கேட்டு, வாயால் அந்நாதத்தை இசைத்துக் காட்டினார். தொடையில் தாளமிட்டு, "இதோ, இந்த இடத்தில் வரும், இதோ, இந்த இடத்தில்" என்று சுட்டினார். கூம்பு ஒலிபெருக்கி தாழ்ந்த சுருதியுள்ள ஒலிகளை நன்கு வெளியிடாது என்னும் பௌதிக உண்மையைப் பல ஆண்டுகள் கழித்தே நான் கற்றேன். கேளாத ஒலியைக் கேட்கும் வித்தையை அன்றே அவரிடம் கற்றுவிட்டேன்.

சென்னைக் கடையில் எனக்கு அந்த மாலை நினைவுக்கு வந்தது. அதே கலைஞரின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைத் தேடித் தருமாறு பேரனிடம் கூறினேன். தேடித் தந்தான். கருவியைக் காதில் பொருத்திக்கொண்டேன். சற்று நேரத்தில் தொப்பியிலிருந்து அந்தக் கும்கி எழுந்தது. ஆழமாக எழுந்து, நெகிழ்ந்து, மேலேறி அடங்கியது. பெரியவர் வாயால் இசைத்துக் காட்டிய அதே நாதம். அவர் சுட்டிய அதே வகையான இடம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பெறவேண்டியதை அன்று பெற்றேன். என் கண்கள் நனைந்ததை மறைக்க முயலவில்லை.

பேரனிடம் கருவியைக் கொடுத்து, "கேள்" என்றேன். அவன் முழுவதும் கேட்டான். கேட்டு முடித்து, "நன்றாக இருக்கிறது, தாத்தா. ஆனால் எதைக் கேட்கச் சொன்னீர்கள்?" என்றான்.

மாணவர்களே, அவ்வினா என்னைச் சுட்டது. கருவி ஒன்றே, ஒலிப்பதிவு ஒன்றே. அவனுடைய செவி என் செவியைவிடக் கூர்மையானது. எனினும் நான் கேட்டதை அவன் கேட்கவில்லை. எனக்கு ஒரு பெரியவர் இருந்தார். அவனுக்கு அப்பெரியவராக நான் இருந்திருக்க வேண்டும். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொன்ன நான், என் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லவில்லை.

இங்கே எங்கள் மாவட்டத்தின் வரலாறு இரண்டு சான்றுகளைத் தருகிறது. முதலாவது குடுமியான்மலை. அங்கே சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய குன்றின் சரிவில், குடைவரைக்கு அருகே, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக அறிஞர் கருதும் இசைக் கல்வெட்டு உள்ளது. கிருஷ்ண சாஸ்திரி அதனை 1904-இல் கண்டறிந்தார். பண்டார்கர் அதனை ஆராய்ந்து 'எபிகிராபியா இண்டிகா' என்னும் கல்வெட்டு வெளியீட்டில் பதிப்பித்தார். கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, ஏழு பழம்பண்களுக்குரிய சுரங்கள் நான்கு நான்காக வகுத்துப் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய ஓர் அரசன் இதனைச் செய்வித்தான் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. எதற்காக? மாணாக்கரின் நன்மைக்காக என்றும் அதுவே கூறுகிறது. உங்களைப் போன்றோருக்காக வெட்டப்பட்ட பாடநூல் அது! அவ்வரசன் முதலாம் மகேந்திரவர்மனே என்பாரும் உளர், மறுப்பாரும் உளர்.

ஆனால் ஒரு குறை. அக்கல்வெட்டில் ஒரே சுரம் நான்கு வேறு உயிரொலிகளோடு எழுதப்பட்டுள்ளது. சில எழுத்துகளின்மேல் புள்ளிகளும் உள்ளன. அவற்றின் பொருள் யாது என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆகவே அதனை அன்று பாடியவாறே இன்று பாட இயலவில்லை. கல் சிதையவில்லை, எழுத்தும் பெரும்பாலும் அழியவில்லை. "இவ்விடத்தில் இவ்வாறு பாடு" என்று சொல்லும் ஆசிரியரின் வரிசை இடையில் அறுந்துவிட்டது.

இரண்டாவது சான்று புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய பெருமை அவருடையது. அவர் தாளக் கணக்குகளைக் கல்லில் வெட்டி வைக்கவில்லை. மாணாக்கருக்குக் கற்பித்தார். அவரிடம் பயின்று புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை புகழ்பெற்றார். பழனி முத்தையா பிள்ளையும் பயின்றார். அந்த முத்தையா பிள்ளையின் மைந்தரே, 1908 முதல் 1962 வரை வாழ்ந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை. கடையில் நான் கேட்டது அப்பரம்பரையின் கைவண்ணத்தையே. கல்லில் ஏறிய இசை ஊமையாக நிற்க, கையிலிருந்து கைக்கு மாறிய இசை ஒலித்துக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டும் ஒரே மாவட்டத்தில் நிகழ்ந்தவை.

இதனால் கருவி பயனற்றது என்று நான் கூறவில்லை. அக்கருவி இல்லையேல் அந்தக் கும்கியை நான் கேளாமலே போயிருப்பேன். காரைக்குடியிலிருந்து சென்னை சென்ற ஏ. வி. மெய்யப்பன் முதலியோர் 1930-களில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தியிராவிட்டால், அக்காலக் குரல்கள் பல காற்றோடு போயிருக்கும். மூன்றரை நிமிடத்துக்குள் அடங்கிய அத்தட்டுகள் நமக்குச் செல்வமே. கருவியைப் பயன்படுத்துங்கள், அளவோடு பயன்படுத்துங்கள். 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது நல்லதன்று என உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. செவி ஒருமுறை கெட்டால் எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைக்காது.

ஒரு பணியையும் உங்களிடம் ஒப்படைக்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பாட்டியார் நடவுப் பாட்டோ தாலாட்டோ அறிந்திருப்பார். உங்கள் கைப்பேசியில் அதனைப் பதிவு செய்யுங்கள். அதனோடு நின்றுவிடாதீர்கள். பாடியவர் யார், எந்த ஊர், எந்த வேலையின்போது பாடுவது, எந்த அடியை எல்லாரும் சேர்ந்து பாடுவது, ஏன் அவ்விடத்தில் குரலை இழுக்கிறார் என்பனவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். பின்பு உங்களைவிட இளைய ஒருவரை அருகில் அமர்த்தி, அப்பதிவைக் கேட்கச் செய்து, விளக்குங்கள். குடுமியான்மலைக் கல்லில் இல்லாமற்போன பகுதி அதுவே. திருவள்ளுவர் 'கல்வி' என்னும் அதிகாரத்தோடு அமையாமல் 'கேள்வி' என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்ததும், அறிந்தோரை அண்டிக் கேட்பதன் அருமையை நாம் உணர்வதற்காகவே.

அன்று கடையில் நான் ஒன்றும் வாங்கவில்லை. பேரனை மீண்டும் கருவியை அணியச் செய்தேன்; அவன் எதிரே அமர்ந்து, மேசைமீது ஆதி தாளத்தை எண்ணிக் காட்டினேன். கும்கி வரும் இடங்களை விரலால் சுட்டினேன். கருவி அவன் காதில் இருந்ததால் எனக்கு ஒலி கேட்கவில்லை. மூன்றாம் முறை நான் விரல் உயர்த்துமுன்பே அவன் தலை அசைந்தது.