பிரான்லியின் இரும்புத் தூளும் எங்கள் வீட்டு வைஃபையும்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி என்றால் எங்கள் வீட்டில் அது அக்காவின் நேரம். அக்காவுக்கு 84 வயது. அத்தான் சொல்தாவாக இருந்தவர். கல்யாணமான கையோடு பிரான்சுக்குப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது ஞாபகம் அவளை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. வாரம் ஒரு முறை அவள் மகள் எதிரே கருவியை வைத்துக்கொடுக்க, நான் இங்கே புதுச்சேரியில் என் டேப்லெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவேன்.

போன வருஷம் சில மாதங்கள் இந்தப் பேச்சு பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. படம் அப்படியே நின்றுவிடும். அல்லது நான் பேசுவது அங்கே கேட்காது. அங்கிருந்து அவள் குரல் மட்டும் வரும். "தம்பி, ஏன் பேச மாட்டேங்கிறே? என் மேல கோவமா?" என்பாள். நான் இங்கே கத்திக்கொண்டிருப்பேன். இணைப்பு போய்விட்டது என்று அவளுக்குச் சொன்னாலும் அடுத்த நிமிஷம் மறந்துவிடும். தம்பி கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்பது மட்டும் மனதில் தங்கிவிடும். அன்று முழுக்க அதையே சொல்லி அழுகிறாள் என்று மகள் சொன்னபோதுதான், இதை எப்படியாவது சரி செய்தாக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

இணைப்பு கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்து பார்த்தான். "லைன் நல்லாத்தான் சார் இருக்கு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஆனால் அவன் போன பிறகு யோசித்தால், கம்பியில்லாக் கருவி பிறந்த நாளிலிருந்தே இதே வைத்தியம்தான் நடக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

அறுபதுகளில் நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. அங்கே வகுப்புகள் இறங்கு வரிசையில் எண்ணப்படும். த்ருவாசியேம், அதாவது இன்றைய கணக்கில் ஒன்பதாம் வகுப்பு, படிக்கும்போது எங்கள் இயற்பியல் முசியே ஒரு கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்தார். உள்ளே இரும்புத் தூள். கம்பியில்லாத் தந்தி, அதாவது தே.எஸ்.எஃப்., இதிலிருந்துதான் பிறந்தது என்றார். மார்க்கோனி என்ற பெயரை நான் கேள்விப்பட்டதே பிறகுதான். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பெயர் எதுவார் பிரான்லி.

பிரான்லி 1844இல் அமியேன் நகரில் பிறந்தவர். பாரிசின் கத்தோலிக்க நிறுவனத்தில் பேராசிரியர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1887-88இல், ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகள் உண்டு என்று சோதனையில் காட்டிவிட்டார். ஆனால் அந்த அலையைப் பிடிக்க அவரிடம் இருந்தது ஒரு கம்பி வளையமும் அதன் இடைவெளியில் தெரியும் சின்னஞ்சிறு தீப்பொறியும்தான். 1890இல் பிரான்லி கண்டது வேறு. உலோகத் தூள் நிரப்பிய குழாய் வழியாகச் சாதாரணமாக மின்சாரம் எளிதில் ஓடாது. சற்றுத் தொலைவில் மின்பொறி ஒன்று தெறித்தால் போதும், தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுபோல் ஆகி மின்சாரம் ஓடத் தொடங்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அலை வந்து போன பிறகும் தூள் பழைய நிலைக்குத் திரும்பாது. பிடித்ததைப் பிடித்தபடியே இருக்கும். அடுத்த அலை வந்தாலும் அதற்குத் தெரியாது. குழாயை விரலால் லேசாகத் தட்டினால்தான் தூள் கலைந்து, மறுபடியும் கேட்கத் தயாராகும். எங்கள் முசியேயும் வகுப்பில் பென்சிலால் தட்டித்தான் காட்டினார்.

1894இல் இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் இந்தக் குழாய்க்குக் 'கொஹீரர்' என்று பெயர் வைத்து, தட்டுவதற்குத் தனியே ஓர் இயந்திர அமைப்பும் சேர்த்தார். 1895இல் ரஷ்யாவின் போப்போவ் இன்னும் ஒரு படி போனார். அலை வந்ததும் ஒரு மணி அடிக்கும். மணியை அடித்த அதே சுத்தியல் திரும்பி வரும்போது குழாயையும் தட்டிவிடும். ஆக, கேட்பதும் தானாக நடந்தது, கலைத்துவிடுவதும் தானாக நடந்தது. மார்க்கோனியின் முதல் கருவிகளிலும் இதே குழாயும் இதே தட்டலும்தான். 1899 மார்ச் கடைசியில் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டிச் சுமார் 50 கிலோமீட்டர் செய்தி அனுப்பியபோது, மார்க்கோனி ஒரு செய்தியைப் பிரான்லிக்கே அனுப்பி, இந்த வெற்றியில் உங்கள் பங்கும் உண்டு என்று மரியாதை செய்தார். அதே ஆண்டு நம் ஜகதீஷ் சந்திர போஸ் பாதரசத்தை வைத்து, தட்டாமலே தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் கருவி ஒன்றைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதினார்.

ஆக, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று அந்தப் பையன் சொன்னது பிரான்லி காலத்து வைத்தியம். பிடித்ததை விடாத கருவியைத் தட்டி விடுவிப்பது.

இது வெறும் உவமை இல்லை. 2010 ஏப்ரல் 3ஆம் தேதி அமெரிக்காவில் ஐபேட் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்களில் பலர் வைஃபை நிற்கவில்லை என்று குறைப்பட்டார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவு ஆராய்ந்து ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தது. வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி கொடுக்கப்படும். அது சொந்தம் இல்லை, குத்தகை. குறிப்பிட்ட கெடு முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். சில ஐபேட்கள் கெடு முடிந்த பின்னும் பழைய முகவரியிலேயே குடியிருந்தன. அதற்குள் அந்த முகவரி வேறொரு கருவிக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். ஒரே வீட்டுக்கு இரண்டு குடித்தனக்காரர்கள் பத்திரத்தோடு வந்து நின்றால் என்ன ஆகும் என்பது வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அணைத்துப் போட்டால் கருவி பழைய முகவரியை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்டு வாங்கும். அந்த வருஷம் ஜூலையில் வந்த மென்பொருளில் வைஃபை இணைப்பு மேம்படுத்தப்பட்டது.

எங்கள் வீட்டிலோ அணைத்துப் போட்டால் அரை மணி நேரம் ஒழுங்காக இருக்கும், பிறகு மீண்டும் அறுந்துவிடும். அப்படியானால் நோய் கருவிக்குள் மட்டும் இல்லை, வெளியிலும் இருக்கிறது. முப்பது வருஷம் ஆபீசில் கற்றுக்கொண்ட ஒரே வித்தையைக் கையில் எடுத்தேன். ஒரு நோட்டில் கோடு போட்டு, தேதி, நேரம், எந்த அறை, எந்தக் கருவி, என்ன நடந்தது என்று எழுத ஆரம்பித்தேன். நாலு வாரம் எழுதினேன்.

நோட்டு மூன்று விஷயங்களைச் சொன்னது. ஒன்று, முன் அறையில் டேப்லெட்டும் கைபேசியும் அநேகமாக நன்றாகவே வேலை செய்தன. இரண்டு, நான் உட்காரும் பின்கட்டு அறையில் இரண்டுமே தடுமாறின. ஆகவே டேப்லெட் மேல் மட்டும் பழி போட முடியாது. மூன்று, பெரும்பாலும் நாலரை மணி சுமாருக்குத்தான் அறுந்தது.

முதல் இரண்டுக்கும் காரணம் சுவர். எங்கள் வீடு பழைய வீடு. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்து ஒரு முழத்துக்கு மேல் கனமாகக் கட்டிய சுவர்கள். வைஃபைப் பெட்டியை முன் அறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். ரேடியோ அலைக்கு இரும்புத் தகடு மூடிய கதவு மாதிரி. பீரோவைத் தாண்டி, இரண்டு கனத்த சுவர்களையும் தாண்டி வரும்போது அலையில் மிச்சம் என்ன இருக்கும்?

நாலரை மணி விஷயத்துக்கு வர இன்னொரு சரித்திரம் சொல்ல வேண்டும். 1945இல் அமெரிக்காவின் ரேதியான் கம்பெனியில் ரேடார் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர், சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கண்டு, அலையால் சமைக்கலாம் என்று யோசித்தார். அதுதான் மைக்ரோவேவ் அடுப்பு. 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச மாநாட்டில், இப்படிப்பட்ட தொழில், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கினார்கள். 2450 மெகாஹெர்ட்சை ஒட்டிய பகுதி அவற்றில் ஒன்று. அடுப்புகளின் இரைச்சல் நிறைந்த அந்த இடம் செய்தித் தொடர்புக்கு உதவாது என்று வெகுகாலம் கிடந்தது. 1985இல் அமெரிக்க அரசு, லைசென்ஸ் இல்லாமல் குறைந்த சக்தியில் செய்தி அனுப்ப அந்தப் புறம்போக்கைத் திறந்துவிட்டது. 1997இல் வைஃபையின் முதல் விதிமுறை வந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999இல் அது 11 ஆனது. ரேடியோப் பெட்டி வைத்திருக்கவே தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டிய நமக்கு, 2005இல் இந்தியாவிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு லைசென்ஸ் விலக்குக் கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் புறம்போக்கில் குடியேறியவனுக்கு அடுப்புப் புகையைப் பற்றிப் புகார் சொல்ல உரிமை இல்லை.

எங்கள் வீட்டில் நாலரை மணிக்கு என் மனைவி பலகாரம் சூடு செய்வாள். கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பில்! சந்தேகம் தீர ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து ஓடவிட்டு, டேப்லெட்டில் ஒரு படம் பார்த்தேன். அடுப்பு ஓடியதும் படம் நின்றது. அடுப்பு நின்றதும் படம் ஓடியது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே. "இத்தனை நாளா என்னைத்தான் குத்தம் சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அடுப்பின் கதவு வழியாகக் கசிவது மிகக் கொஞ்சம்தான், ஆளுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் சுவர்களில் இளைத்து வரும் வைஃபைக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

நோய் தெரிந்த பிறகு மருந்து சுலபம். பெட்டியைப் பீரோவிடமிருந்து பிரித்து, கூடத்தின் நடுச்சுவரில், தலைக்கு மேலே ஓர் ஆணியில் ஏற்றினோம். இப்போது பின்கட்டுக் கதவு திறந்திருந்தால் அங்கிருந்து பெட்டி கண்ணுக்கே தெரியும். இப்போதுள்ள பெட்டிகள் பல, 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் அதில் அடுப்பு இருக்கிறது, அக்கம்பக்கத்து வீட்டுப் பெட்டிகளும் இருக்கின்றன. 5 சுவரில் சீக்கிரம் இளைத்துவிடும், ஆனால் அடுப்பு அதைத் தொடாது. பெட்டி கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டதால் டேப்லெட்டை 5இல் சேர்த்தேன். பழைய பெயரை டேப்லெட்டில் 'மறந்துவிடு' என்று கொடுத்து நீக்கினேன். இல்லாவிட்டால் அது பழைய பாசத்தில் 2.4க்கே ஓடிவிடும்.

இதே தொல்லை உள்ள நண்பர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன். முதலில் பெட்டியின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். அங்கேயும் அறுந்தால் பெட்டியோ லைனோ காரணம். அங்கே சரியாக இருந்தால் சுவர், தூரம். அடுத்து வேறொரு கருவியில் பாருங்கள். அதில் சரியாக இருந்தால் டேப்லெட்டை அணைத்துப் போடுங்கள், வைஃபையை மறக்கச் செய்து மீண்டும் சேருங்கள். கடைசியாக, பெட்டியைப் பிளக்கிலிருந்து பிடுங்கி ஒரு நிமிஷம் கழித்துச் செருகுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் எது குணமாக்கியது என்று தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிஷம் ஒரு தடவைகூட அறாமல் பேசினோம். நாலரை மணிக்கு அடுப்பும் ஓடியது. அக்கா மூன்று முறை ஒரே கேள்வியைக் கேட்டாள், அம்மா நன்றாக இருக்கிறாளா என்று. அம்மா போய் முப்பது வருஷம் ஆகிறது. மூன்று முறையும் நன்றாக இருக்கிறாள் என்றேன். பேச்சை முடிக்கும்போது, "நீ கோவக்காரன் இல்லடா தம்பி" என்றாள்.