பாஞ்சுல் முடிவும் லைபீரியாவுக்குச் சென்ற படையும்

1975 மே 28 அன்று லாகோஸ் நகரில் மேற்காப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம், அதாவது ‘எகோவாஸ்’, நிறுவப்பட்டபோது அதன் நோக்கங்களாகச் சொல்லப்பட்டவை சுங்கவரிக் குறைப்பும் தடையற்ற போக்குவரத்தும் வணிகப் பெருக்கமுமே. 1978இல் ஒருவர்மீது ஒருவர் படையெடுப்பதில்லை என்ற உறுதிமொழியும், 1981இல் ஃப்ரீடவுனில் பரஸ்பரப் பாதுகாப்பு உதவிக்கான உடன்படிக்கையும் அதனுடன் சேர்க்கப்பட்டன. பின்னதில், ஒரு நாட்டின் மோதல் முற்றிலும் உள்நாட்டு விவகாரமாக இருக்குமானால் சமூகத்தின் படைகள் அதில் தலையிடக் கூடாது என்ற விதி தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது.

1989 டிசம்பர் 24 அன்று சார்லஸ் டெய்லரின் கிளர்ச்சிப் படையினர் ஐவரி கோஸ்ட் எல்லையிலிருந்து லைபீரியாவின் நிம்பா வட்டாரத்துக்குள் நுழைந்தபோது அந்த விதி சோதனைக்கு உள்ளாயிற்று. 1980இல் அதிபர் டோல்பர்ட்டைக் கொன்று ஆட்சியைப் பிடித்த சாமுவேல் டோவின் இராணுவம் நிம்பாவின் கியோ, மானோ இனத்தவரைப் பழிவாங்கத் தொடங்க, ஒரு கலகம் சில மாதங்களிலேயே இனப் போராக மாறி, இலட்சக்கணக்கானோர் கினி, ஐவரி கோஸ்ட், சியரா லியோன் ஆகிய அண்டை நாடுகளுக்குள் அகதிகளாகப் புகுந்தனர். 1990 ஜூலை இறுதியில் தலைநகர் மன்ரோவியாவின் லூத்தரன் தேவாலயம் ஒன்றில் அடைக்கலம் புகுந்திருந்த சுமார் அறுநூறு பேரை அரசுப் படையினரே கொன்றனர்.

1990 மே மாதம் காம்பியத் தலைநகர் பாஞ்சுலில் கூடிய எகோவாஸ் உச்சிமாநாடு காம்பியா, கானா, நைஜீரியா, மாலி, டோகோ ஆகிய ஐந்து நாடுகளைக் கொண்ட நிலையான சமரசக் குழுவை அமைத்தது. பேச்சுவார்த்தைக்கென்று அமைக்கப்பட்ட இக்குழுவே ஆகஸ்ட் 6, 7 தேதிகளில் அதே நகரில் கூடி, ‘எகோமாக்’ எனப்பட்ட போர்நிறுத்தக் கண்காணிப்புப் படையை அனுப்ப முடிவு செய்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியிருந்ததால் உலக வல்லரசுகளின் கவனம் வளைகுடாவில் இருந்தது, ஐ.நா. பாதுகாப்பு அவையோ 1991 ஜனவரிக்கு முன்பு லைபீரியாவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சட்ட அடிப்படை பலவீனமாக இருந்தமையால், அகதிகளின் பெருக்கம், மன்ரோவியாவில் சிக்கியிருந்த பிற நாட்டுக் குடிமக்களின் நிலை, அரசே செயலிழந்த சூழல் ஆகிய மனிதாபிமானக் காரணங்களே முன்வைக்கப்பட்டன. குழுவின் தலைவராக இருந்த காம்பிய அதிபர் தாவ்தா ஜவாரா, 1981இல் செனகல் படைகளின் உதவியால் தம் பதவியை மீட்டுக்கொண்டவர் என்பதால், அண்டை நாட்டுப் படை நுழைவது அவருக்குப் புதிய அனுபவம் அன்று. நைஜீரிய ஆட்சியாளர் பாபங்கிடா டோவுக்கு நெருக்கமானவர் என்ற ஐயம் மட்டும் தீரவில்லை. ஐவரி கோஸ்டின் அதிபர் உஃபுவே-புவாஞ்ஞியும் புர்கினா ஃபாசோவின் அதிபர் கொம்பவோரேயும் டெய்லரின் பக்கம் சாய்ந்திருந்தனர். கொல்லப்பட்ட டோல்பர்ட்டின் மகனை மணந்தவர் உஃபுவே-புவாஞ்ஞியின் வளர்ப்பு மகள் என்பதால் டோமீதான அவருடைய வெறுப்பில் குடும்பத் துயரமும் கலந்திருந்தது. கொம்பவோரே வெளிப்படையாகவே எகோமாக் படை அனுப்பப்படுவதை எதிர்க்க, குழுவின் உறுப்பினர்களான மாலியும் டோகோவும் தொடக்கத்தில் படைவீரர்களை அனுப்ப முன்வரவில்லை. இப்பிளவை ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கும் பிரெஞ்சு பேசும் நாடுகளுக்கும் இடையிலானது என்று பலர் சுருக்கிவிடுவதுண்டு. ஆனால் பிரெஞ்சு பேசும் கினி முதல் அணியிலேயே தன் படையை அனுப்பியது.

ஆகஸ்ட் 24 அன்று கானாவின் லெப்டினன்ட் ஜெனரல் அர்னால்டு குவைனூவின் தலைமையில் படை மன்ரோவியாத் துறைமுகத்தில் இறங்கியபோது, கண்காணிப்பதற்கு அங்கே போர்நிறுத்தம் எதுவும் இல்லை. டெய்லரின் ஆட்கள் சுட்டே வரவேற்றனர். செப்டம்பர் 9 அன்று அப்படையின் தலைமையகத்துக்கு வந்த டோவை, டெய்லரிடமிருந்து பிரிந்துசென்ற கிளர்ச்சித் தலைவர் பிரின்ஸ் ஜான்சனின் பிரிவினர் அங்கேயே பிடித்துச் சென்று கொன்றனர். படையின் நடுநிலைமீதும் திறமைமீதும் இச்சம்பவம் ஏற்படுத்திய களங்கம் நெடுநாள் நீங்கவில்லை.

பின்னர் பமாகோ, யாமூசூக்ரோ, கோட்டனூ, அபுஜா என ஊர் ஊராக உடன்படிக்கைகள் கையெழுத்தாகிக் குலைந்தன. அவற்றுள் 1993 ஜூலையின் கோட்டனூ உடன்பாடு குறிப்பிடத்தக்கது. அதன் விளைவாக அமைந்த ஐ.நா. கண்காணிப்புக் குழுவே, வேறொரு அமைப்பு ஏற்கெனவே நிறுத்தியிருந்த அமைதிப் படையுடன் இணைந்து இயங்கிய முதல் ஐ.நா. பணியாகும். 1997 ஜூலைத் தேர்தலில் சுமார் 75 விழுக்காடு வாக்குகளுடன் டெய்லரே அதிபரானார். இதற்கிடையே, லைபீரியாவிலிருந்து திரும்பிய காம்பிய வீரர்களிடையே ஊதியம் குறித்து எழுந்த மனக்குறை, 1994இல் ஜவாராவைக் கவிழ்த்த இராணுவப் புரட்சிக்குக் காரணங்களில் ஒன்றாயிற்று.

பாஞ்சுலில் இல்லாதிருந்த சட்டம் ஒன்பது ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. உள்நாட்டு மோதல் மனிதப் பேரவலத்தை விளைவிக்கக்கூடியதாக இருந்தால் சமூகம் தலையிடலாம் என்ற அந்த உடன்படிக்கை, 1990இல் வீரர்களை அனுப்பத் தயங்கிய டோகோவின் தலைநகரான லோமேயில், 1999 டிசம்பரில் கையெழுத்தானது.