முடக்கு வாதமும் மன அழுத்தமும்

முடக்கு வாதம் என்பது நோய் எதிர்ப்பு அமைப்பு உடலின் மூட்டுகளையே தாக்குவதால் உண்டாகும் அழற்சி நோயாகும். இது ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பலருக்கு மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டித் தொடங்குகிறது. மன அழுத்தம் மட்டுமே இந்நோயைத் தோற்றுவிக்கும் என்று நிறுவப்படவில்லை. ஆயினும் ஏற்கனவே உள்ள நோயை அது தீவிரப்படுத்தக்கூடும்.

மன அழுத்தத்தின்போது அண்ணீரகச் சுரப்பி கார்ட்டிசால் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. இது அழற்சியைத் தணிப்பதாகும். 1948 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச், முடக்கு வாதமுற்ற 29 வயதுப் பெண்ணுக்கு இதையொத்த கார்ட்டிசோனைச் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். ஹென்ச் 1950 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்படியானால் மன அழுத்தம் நோயைக் குறைக்க வேண்டுமே என்ற கேள்வி எழலாம். ஆனால் இந்நோயாளிகளின் உடலில் அழற்சிக்கு ஈடான அளவு கார்ட்டிசால் சுரப்பதில்லை. இன்டர்லியூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்களே ஓங்குகின்றன.

1990களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் சௌட்ரா குழுவினர், இந்நோயுள்ள பெண்களை வாரந்தோறும் கண்காணித்தனர். பிறருடன் பிணக்கு மிகுந்த வாரங்களில் நோய் தீவிரமடைந்தது. கணவருடன் நல்லுறவு உடையோரிடம் இவ்வுயர்வு குறைவாக இருந்தது.

காலையில் நெடுநேரம் நீடிக்கும் மூட்டு விறைப்பையும் வீக்கத்தையும் முதுமை என்றோ மனக்கவலை என்றோ ஒதுக்குவது தவறாகும். சிகிச்சை தாமதித்தால் மூட்டுகள் மீளாத சிதைவை அடையும். மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சிகள் மெத்தோட்ரெக்சேட்டு முதலிய மருந்துகளுக்குத் துணையே, மாற்று அல்ல.