கிள்ளானைக் காத்த வாய்க்கால்கள்

'மலேரியா' என்னும் இத்தாலியச் சொல்லுக்குத் 'தீய காற்று' என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே முறைக்காய்ச்சலுக்குக் காரணம் என மக்கள் நெடுங்காலம் நம்பி வந்தனர். 1897-ஆம் ஆண்டு செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றினுள் இந்நோய்க் கிருமியைக் கண்டறிந்த பின்னரே அந்நம்பிக்கை தளர்ந்தது. அவர் கண்ட உண்மையை நடைமுறையில் செய்து பார்த்த முதல் ஊர்களுள் கிள்ளானும் ஒன்று.

1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் இளைஞர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். ஊரைச் சுற்றிலும் சதுப்பும் காடுமாக இருந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பெற்றது. 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என வழங்கப்பெறுவது அதுவே. திறந்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் அங்கே மிகுந்து, துறைமுகத்தை மூடிவிடலாமோ என்ற பேச்சும் எழுந்தது.

வாட்சனின் யோசனைப்படி காடு வெட்டப்பெற்றது. பள்ளங்கள் மண்ணிட்டு நிரப்பப்பெற்றன. சதுப்பு நீரை வடிக்க வாய்க்கால்கள் தோண்டப்பெற்றன. பயன் விரைவில் தெரிந்தது. இவ்விரண்டு ஊர்களிலும் காய்ச்சலால் இறந்தோர் 1901-இல் 368 பேர்; 1902-இல் 59 பேர்; 1903-இல் 46 பேர்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது எளிய வெற்றிக் கதையாகவே முடிந்திருக்கும். ரப்பர்த் தோட்டங்கள் கரையோரச் சமவெளியிலிருந்து மலையடிவாரங்களுக்குப் பரவின. அங்கும் காட்டை வெட்டினர். ஓடைகளைத் துப்புரவு செய்தனர். ஆனால் காய்ச்சல் தணியவில்லை, முன்னினும் ஓங்கியது. லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளுமே பெரிதும் வருந்தினர். குழந்தைகளின் மண்ணீரல் வீங்கியுள்ளதா எனத் தொட்டுப் பார்த்தே, ஒரு தோட்டத்தில் நோய் எவ்வளவு வேரூன்றியுள்ளது என வாட்சன் கணித்தார்.

ஒரே மருத்துவம் ஓரிடத்தில் பலித்து மற்றோரிடத்தில் பொய்த்தது ஏன்? விடை கொசுவின் இனத்தில் இருந்தது. சமவெளியில் நோய் பரப்பிய 'அனோபிலிஸ் அம்புரோசஸ்' மரநிழலில் தேங்கிய நீரை நாடுவது. காடு அழிந்தால் தானும் அழிவது. மலைப்பாங்கில் நோய் பரப்பிய 'அனோபிலிஸ் மாக்குலேட்டஸ்' வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் முட்டையிடுவது. நிழலை நீக்கியவர்கள், தாம் அறியாமலே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தனர்!

இதனை உணர்ந்த வாட்சன், மலைத் தோட்டங்களில் மண்குழாய்களைப் பதித்து ஊற்று நீரை நிலத்தடியிலேயே ஓடச் செய்தார். பிற்காலத்தில் நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிக்கும் முறையும் கையாளப்பெற்றது. தம் பட்டறிவை 1911-இல் நூலாக வெளியிட்டார். எல்லாக் கொசுவையும் ஒழிக்க முயலாமல், நோய் பரப்பும் இனத்தைத் தெரிந்து அதன் பிறப்பிடத்தை மட்டும் கெடுப்பது என்னும் கொள்கை இவ்வாறு உருப்பெற்றது.

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவுக்குள் தோன்றவில்லை. குரங்குகளிடமிருந்து வரும் 'நோலசி' வகை மட்டும் காட்டோரங்களில் எஞ்சியுள்ளது. கிள்ளான் பள்ளத்தாக்கை இன்று வாட்டுவது டெங்கி. அதனைப் பரப்பும் 'ஏடிஸ்' கொசு சதுப்பையும் தேடாது, ஓடையையும் தேடாது. பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கிய தெளிநீரே அதற்குப் போதும். கொசு மாறியதால் போர்க்களமும் மாறியது. அன்று வாய்க்கால் வெட்டிய அரசும் தோட்ட நிருவாகமும் செய்த வேலையை, இன்று ஒவ்வொரு வீட்டாரும் தம் முற்றத்தில் செய்ய வேண்டியுள்ளது.