மின்சாரம் பிறந்த மலையில் அம்மியும் அடுப்பும்

மிக்சி, ரைஸ் குக்கர், குளிர்சாதனப் பெட்டி ஆகியவை இல்லாமல் ஒரு நாள்கூட வாழ முடியாது என்று இன்று பலரும் கூறுகின்றனர். இலங்கை மலையகத்தின் வரலாற்றைப் புரட்டும்போதெல்லாம் இக்கூற்றை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மலையக நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918-இல் ஆய்வுக்கட்டுரை சமர்ப்பித்தார். 1950-இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மவுசாகலை நீரில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. அங்கிருந்து மின்கம்பிகள் கொழும்பு நோக்கிச் சென்றன. அயலிலிருந்த லயக் காம்பராக்களிலோ அதன் பின்னரும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

ஆகவே தோட்டத்தில் இன்றியமையாதவை வேறாக இருந்தன. சம்பல் அரைக்க அம்மி. கோதுமை மா ரொட்டி சுடவும் தேயிலைத் தண்ணீர் கொதிக்கவும் மண் அடுப்பு. அடுப்புக்கு விறகு, கவ்வாத்து செய்த தேயிலைச் செடியின் மிலாறு. பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண்ணே அதையும் கட்டாகச் சுமந்து வந்தாள்.

2022-இல் எரிவாயு கிடைக்காமல் நகரத்தார் வரிசையில் நின்றபோது, விறகடுப்பின் பெருமை பலராலும் பேசப்பட்டது. புகை நிறைந்த சிறு அறையில் இருமியபடி சமைத்தவளின் நிலையை அப்போது நினைத்தவர் சிலரே.

மலையகத்துக்கு மிக்சி பிந்தியே வந்தது. விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடவேண்டிய பெண்ணுக்கு அதனைச் சொகுசுப் பொருள் என்று கூற எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அது அரைமணி நேரத் தூக்கம்.