வேர்ட்பிரஸ் நிறுவற் சிக்கல்கள்

வேர்ட்பிரஸ் என்பது வலைப்பதிவுகளையும் இணையத்தளங்களையும் நடத்தப் பயன்படும் ஒரு கட்டற்ற உள்ளடக்க மேலாண்மை முறைமை ஆகும். பி2 என்னும் முந்தைய வலைப்பதிவு மென்பொருளிலிருந்து மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகியோர் கிளைத்தெடுத்த இதன் முதற் பதிப்பு 2003 மே 27 அன்று வெளிவந்தது. இது பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. கட்டுரைகள், மறுமொழிகள், அமைப்புகள் ஆகியவற்றை மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளத்தில் சேமிக்கிறது.

முதல் நிறுவலை வழங்கிச் சேவையாளர்கள் இப்போது ஒரே சொடுக்கில் முடித்துக் கொடுத்துவிடுகின்றனர். ஆகவே பெரும்பாலான சிக்கல்கள் தளத்தை வேறு வழங்கிக்கு மாற்றும்போதோ பதிப்பை உயர்த்தும்போதோதான் எழுகின்றன. அவற்றுள் பல எந்த மொழித் தளத்துக்கும் பொதுவானவை. தமிழ்த் தளங்களுக்கு இவற்றோடு எழுத்துச் சிதைவு என்னும் சிக்கலும் சேர்கிறது. மற்றவை தளத்தை நிறுத்திவைப்பதோடு சரி. இது எழுதியவற்றையே அழித்துவிடக் கூடியது.

பொதுவான வழுக்கள்

தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்ற செய்தி வந்தால் அமைவுக் கோப்பில் உள்ள தரவுத்தளப் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், வழங்கிப் பெயர் ஆகிய நான்கையும் சரிபார்க்க வேண்டும். வழங்கிப் பெயர் பெரும்பாலும் லோக்கல்ஹோஸ்ட் என்றிருக்கும். யுனிக்ஸ் வகைக் கணினிகளில் இப்பெயரைக் கொடுத்தால் இணைப்பு ஒரு சாக்கெட் கோப்பின் வழியாகச் செல்கிறது, 127.0.0.1 என்று கொடுத்தால் பிணைய வழியாகச் செல்கிறது. ஒன்று தோற்று மற்றொன்று வென்றால் பிழை கடவுச்சொல்லில் இல்லை என்பது தெளிவாகும்.

பக்கம் முழுவதும் வெறுமையாகத் தெரியும் 'வெண்திரை' என்பது பிஎச்பி நிரல் பாதியில் நின்றுவிட்டதன் அடையாளம். பழைய செருகிகளே இதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றன. எடுத்துக்காட்டாக, 2020 இல் வெளிவந்த பிஎச்பி 8.0 சில பழைய சார்புகளை நீக்கியதால் அவற்றை நம்பியிருந்த செருகிகள் நின்றுபோயின. செருகிகள் இருக்கும் கோப்புறையின் பெயரை மாற்றினால் அவை அனைத்தும் செயலிழந்து தளம் திறக்கும். பின்னர் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கலாம். 2019 இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல், வெண்திரைக்குப் பதிலாக ஒரு செய்தி காட்டப்படுகிறது; பழுதான செருகியின் பெயரும் நிருவாகிக்கு மின்னஞ்சலில் வருகிறது.

முகப்பு மட்டும் திறந்து, கட்டுரைகளுக்கு 404 வழு வந்தால் முகவரி மாற்றியெழுதும் விதிகள் செயற்படவில்லை என்று பொருள். அப்பாச்சி வழங்கியில் இவ்விதிகள் எச்டிஅக்சஸ் கோப்பில் உள்ளன. என்ஜின்எக்ஸ் அக்கோப்பைப் படிப்பதே இல்லை. அதன் சொந்த அமைவில்தான் எழுத வேண்டும். கோப்பு அனுமதிகள் கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்றிருப்பது வழக்கம். பதிவேற்றம் நடக்கவில்லை என்பதற்காக 777 கொடுப்பது வீட்டுக் கதவைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும்.

தமிழில் தட்டெழுதுவோர் தற்செயலாக வரவழைத்துக்கொள்ளும் ஒரு வழுவும் உண்டு. விண்டோஸின் நோட்பேட் பல ஆண்டுகளாக யூடிஎஃப்-8 கோப்புகளின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளைச் சேர்த்தே சேமித்து வந்தது. தளப் பெயரைத் தமிழில் மாற்ற வேண்டி வார்ப்புருக் கோப்பையோ அமைவுக் கோப்பையோ இதில் திறந்து சேமித்தால், கண்ணுக்குத் தெரியாத அம்மூன்று பைட்டுகள் எல்லாவற்றுக்கும் முன்பாக உலாவிக்குச் சென்றுவிடும். தலைப்புச் செய்திகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்ற எச்சரிக்கை வரும். புகுபதிகை செய்ய இயலாது. விண்டோஸ் 10 இன் 2019 ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்றில்தான் இயல்பிருப்பு மாற்றப்பட்டது.

தமிழ் எழுத்துகள் சிதைதல்

ஒருங்குறியில் தமிழுக்குரிய முதன்மைத் தொகுதியின் குறியெண்கள் யூடிஎஃப்-8 முறையில் மும்மூன்று பைட்டுகளாக எழுதப்படுகின்றன. முதற் பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. 'தமிழ்' என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியெண்களால் ஆனது. எனவே அது 15 பைட்டுகள்.

மைஎஸ்க்யூஎல் 2018 இல் வெளிவந்த 8.0 வரை இலத்தீன்1 என்னும் ஒற்றைப் பைட்டுக் குறியாக்கத்தையே இயல்பிருப்பாகக் கொண்டிருந்தது. அதை உருவாக்கியது ஒரு சுவீடிய நிறுவனம் என்பதால் அகரவரிசையும் சுவீடிய மொழிக்குரியதாகவே இருந்தது. பழைய தமிழ்த் தளங்களின் அட்டவணைகளில் சுவீடிய மொழியின் பெயரைக் கண்டு வியப்போர் உண்டு, காரணம் இதுவே.

2007 இல் வந்த 2.2 பதிப்புக்கு முன்னர் வேர்ட்பிரஸ் தன் தரவுத்தள இணைப்புக்கு எந்தக் குறியாக்கத்தையும் குறிப்பிடவில்லை. 15 பைட்டுகள் உள்ளே சென்றன. அவற்றை 15 இலத்தீன் எழுத்துகள் என்று எண்ணித் தரவுத்தளம் வைத்துக்கொண்டது. கேட்டபோது அதே 15 பைட்டுகளைத் திருப்பித் தந்தது. உலாவி அவற்றைத் தமிழாகக் காட்டியது. இரு தரப்பும் ஒரே தவற்றைச் செய்ததால் எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

2.2 பதிப்பின் மாதிரி அமைவுக் கோப்பில் இணைப்பின் குறியாக்கத்தைச் சொல்லும் ஒரு வரி புதிதாகச் சேர்க்கப்பட்டது. பழைய கோப்பையே வைத்திருந்த தளங்களுக்கு எதுவும் நேரவில்லை. வழங்கி மாறும்போது புதிய மாதிரிக் கோப்பை நிரப்பியவர்களின் தளங்களே சிதைந்தன. இணைப்பு யூடிஎஃப்-8 என்று அறிவிக்கப்பட்டதும், தரவுத்தளம் தான் இலத்தீன் என்று நம்பிய எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுக்கத் தொடங்கியது. விண்டோஸ்-1252 அட்டவணையில் 224 என்பது மேற்குறியுள்ள சிறிய இலத்தீன் எழுத்து. 174 என்பது பதிவுபெற்ற வணிகக் குறியைக் காட்டும் வட்டம். சிதைந்த தமிழ்ப் பக்கத்தில் இவ்விரண்டும் மீண்டும் மீண்டும் வருவது இதனால்தான்.

இந்நிலையில் பழைய கட்டுரைகள் அழியவில்லை. அவற்றின் பைட்டுகள் அப்படியே உள்ளன. ஆனால் நிருவாகி அதே நிலையில் புதிய கட்டுரை ஒன்றை எழுதிச் சேமித்தால், இலத்தீன்1 புலத்தில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை என்பதால் ஒவ்வொரு குறியெண்ணும் ஒரு வினாக்குறியாக மாற்றப்பட்டுச் சேமிக்கப்படும். வினாக்குறியிலிருந்து மூல எழுத்தை மீட்க எந்த வழியும் இல்லை. காப்புநகல் ஒன்றே துணை.

நிலையை அறிதல்

கண்ணால் பார்த்து முடிவு செய்வது தவறாகலாம். வழங்கி அனுப்பும் எச்டிடிபி தலைப்பில் தவறான குறியாக்கம் இருந்தாலும் பக்கம் இதே போலத் தெரியும். அப்போது தரவில் குறையே இல்லை. சதுரப் பெட்டிகள் தெரிந்தால் அது படிப்பவரின் கணினியில் எழுத்துரு இல்லாமையைக் குறிக்கும்.

தரவுத்தளத்தையே கேட்பது உறுதியான வழி. லெங்த் என்னும் சார்பு பைட்டுகளையும், கேர்_லெங்த் என்னும் சார்பு எழுத்துகளையும் எண்ணித் தருகின்றன. 'தமிழ்' என்று பெயரிட்ட பகுப்பு பல தமிழ்த் தளங்களில் இருக்கும். அதன் பெயரை அளந்தால் 15 பைட்டு, 5 எழுத்து என்று வருவது சரியான நிலை. 15 பைட்டு, 15 எழுத்து என்றால் மேலே சொன்னபடி தமிழ்ப் பைட்டுகள் இலத்தீன் வேடத்தில் உள்ளன, மீட்கலாம். 30 பைட்டு, 15 எழுத்து என்றால் எவரோ ஏற்கெனவே ஒரு முறை மாற்றம் செய்து குறியாக்கத்தை இரட்டிப்பாக்கிவிட்டார்; இதையும் மீட்கலாம். 5 பைட்டு, 5 எழுத்து என்றால் இருப்பவை ஐந்து வினாக்குறிகளே. பழையதும் புதியதுமான சில பதிவுகளையும் இவ்வாறே அளந்து பார்ப்பது நலம்; ஒரே அட்டவணையில் இரண்டு நிலைகளும் கலந்திருக்கக்கூடும்.

மீட்டெடுத்தல்

முதலில் தளத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, தரவுத்தளத்தின் கோப்புகளை நகலெடுக்க வேண்டும். 15க்கு 15 என்ற நிலையில், அமைவுக் கோப்பில் இணைப்பின் குறியாக்கத்தை இலத்தீன்1 என்று தற்காலிகமாக மாற்றினால் தமிழ் உடனே திரும்பும். இது தரவைத் தொடாத சோதனை என்பதால் முதலுதவியாகவும் கொள்ளலாம்.

நிலையான தீர்வுக்குப் புலத்தின் வகையை முதலில் இருமத்துக்கும், பின்னர் அங்கிருந்து யூடிஎஃப்8எம்பி4 உரைக்கும் மாற்ற வேண்டும். இருமமாக மாறும்போது தரவுத்தளம் எழுத்து என்ற எண்ணத்தைக் கைவிடுகிறது, பைட்டுகள் மாறுவதில்லை. இடையில் உள்ள இப்படியைத் தவிர்த்து, அட்டவணையை நேரடியாக யூடிஎஃப்-8க்கு மாற்றும் கட்டளையைக் கொடுப்பதே மிகப் பரவலான தவறு. 15க்கு 15 என்றிருந்தது 30க்கு 15 ஆவது அப்போதுதான். மைஎஸ்க்யூஎல் தரும் ஏற்றுமதிக் கருவியும் குறியாக்கத்தைச் சொல்லாவிட்டால் இதையே செய்துவிடும்.

இரட்டிப்பை நீக்க, உரையை இலத்தீன்1க்கு மாற்றி, அதை இருமமாகக் கொண்டு, மீண்டும் யூடிஎஃப்-8 ஆகப் படிக்க வேண்டும். பழுதான வரிகளுக்கு மட்டுமே இதைச் செய்ய வேண்டும். ஒழுங்காக இருக்கும் தமிழ் வரியின் மீது செய்தால் அது வினாக்குறிகளாகிவிடும்.

சிதைந்த உரையை ஓர் உரைத்தொகுப்பியில் ஒட்டித் திருத்த முயல்வது ஏற்றதன்று. விண்டோஸ்-1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலியாக உள்ளன. உகரக் குறி 129 இலும், புள்ளி 141 இலும், ஏ 143 இலும், ஐ 144 இலும் முடிகின்றன. சில கருவிகள் இவ்விடங்களை விழுங்கிவிடுவதால் மீட்ட உரையில் புள்ளியும் உகரமும் மட்டும் காணாமற்போகும். மைஎஸ்க்யூஎல் இவ்வைந்து இடங்களையும் காப்பாற்றுகிறது. எனவே மாற்றத்தைத் தரவுத்தளத்துக்குள்ளேயே செய்வது பாதுகாப்பானது.

எழுத்துச் சிதைவோடு பக்கப்பட்டையின் அமைப்புகளும் மறைந்துபோவதுண்டு. வேர்ட்பிரஸ் அமைப்புகளைப் பைட்டு நீளத்தோடு சேர்த்து ஒரே சரமாக எழுதி வைக்கிறது. நீளம் 15 என்று குறித்த இடத்தில் 30 பைட்டுகள் வந்தால் சரம் முழுவதையும் படிக்க இயலாது. எழுத்துகள் மீண்டவுடன் இவையும் மீளும். அதற்கு முன் அவற்றைப் புதிதாக அமைத்துச் சேமித்தால் பழையவை போய்விடும். தளத்தின் பெயர்க்களம் மாறும்போது பழைய முகவரியைத் தேடி மாற்றும் எளிய கட்டளைகள் அமைப்புகளைக் கெடுப்பதும் இதே காரணத்தால்தான்.

நான்கு பைட்டு எழுத்துகள்

மைஎஸ்க்யூஎல் யூடிஎஃப்8 என்று பெயரிட்ட குறியாக்கம் மூன்று பைட்டுகளோடு நின்றுவிடும். தமிழ் உரைக்கு அது போதுமானதே. எனினும் உணர்வுப் படக்குறிகளுக்கும், 2019 இல் ஒருங்குறி 12.0 இல் சேர்க்கப்பட்ட தமிழ்ப் பின்னங்கள், பழைய அளவைக் குறிகளுக்கும் நான்கு பைட்டுகள் தேவை. 2015 இல் வந்த 4.2க்கு முந்தைய பதிப்புகளில், கட்டுரையின் நடுவே ஒரு படக்குறி இருந்தால் அதற்குப் பின்னுள்ள உரை முழுவதும் வெட்டப்பட்டுச் சேமிக்கப்படுவதுண்டு. 4.2 முதல் யூடிஎஃப்8எம்பி4 பயன்படுத்தப்படுகிறது. அன்றைய தரவுத்தளங்களில் சுட்டெண்ணின் எல்லை 767 பைட்டு என்பதால், 255 எழுத்துப் புலங்களின் சுட்டெண் 191 எழுத்தாகக் குறைக்கப்பட்டது.

முகவரித் துண்டின் நீளம்

கட்டுரைத் தலைப்பிலிருந்து உருவாகும் முகவரித் துண்டுக்கு 200 குறிகள் வரை இடம் உண்டு. தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் விழுக்காட்டுக் குறியீட்டில் 9 குறிகளாக விரிகிறது. எனவே 22 குறியெண்களுக்கு மேல் இடமில்லை. இரண்டு, மூன்று சொற்களில் முகவரி முறிந்துவிடும். ஒரே தொடக்கம் கொண்ட தொடர் கட்டுரைகளுக்கு 2, 3 என்று எண் ஒட்டிக்கொள்வது இதனால்தான். வெளியிடுவதற்கு முன் சிறிய துண்டு ஒன்றைக் கையால் கொடுக்கலாம். வெளியிட்ட பின் மாற்றினால் வேர்ட்பிரஸ் பழைய துண்டை நினைவில் வைத்துப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும். ஆயினும் கட்டுரைகளை மட்டும் ஏற்றுமதி செய்து வேறு மென்பொருளுக்கு மாறினால் அந்த நினைவு உடன் வருவதில்லை.